நான்கு பூஜ்யங்கள்

மார்ச் 3

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லாதவனுக்கு மூன்று வருடம் அக்காவின் போனை எடுக்காமல் இருக்கும் தெம்பு வராது. கடை எண்ணிலிருந்து அடித்தால் தடுத்து வைத்திருக்கிறாய். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து அடித்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரைத் தடுத்து வைக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புரோகிராம் ஒருவரின் பிழைப்பில் கை வைத்துவிட்டது.

காதில் பென்சில் சொருகியபடியே கடைக்கு வருவாரே, அந்த சர்வேயர். மாணவர்கள் படிப்பை முடித்துவிட்டு விற்றுப்போகும் பழைய கிராஃப் கால்குலேட்டர்களில் மட்டம் கணக்கிடும் உன் லெவல் புரோகிராமை ஏற்றி நாம் முதன்முதலாக விற்றது அவரிடம்தான். அது கீழே விழுந்து உடைந்து, போன வருடம் என்னிடம் இன்னொன்று வாங்கினார். அதை வைத்து ஆறு வீடுகளின் கழிவுநீர்க் குழாய்க்கு மட்டம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். குழாயைப் புதைத்து, மேலே சிமெண்ட் பூசி, ஆட்கள் குடிவந்த பிறகு பார்த்தால் தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பி வருகிறது. குளியலறையில் கணுக்கால் அளவு. தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பாதிக் குழாய் இருக்க வேண்டிய மட்டத்தைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் மேலே கிடக்கிறது.

பதினெட்டு என்று கேட்டதுமே மனுஷன் நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில கருவியை மேட்டுக்கு மாத்தினேன்மா. மேட்டு உயரம் பதினெட்டு. அதை என் கையால மெஷின்ல திருத்தம்னு போட்டேன். என் நோட்டுலயும் இருக்கு, பாருங்க. ஒரு தடவை போட்டா போதும், அது நினைவுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு அளவுலயும் கழிச்சுக்கும்னு சொல்லித்தானே வித்தீங்க? மதியத்துக்கு மேல அது கழிக்கவே இல்ல."

நோட்டைப் பார்த்தேன். பதினெட்டு இருக்கிறது. கீழே கோடுகூடப் போட்டிருக்கிறார்.

லைசென்ஸ் அலுவலகம் அவரை வேலை செய்யக்கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறது. அவருடைய மெஷினையும் வாங்கி உறையில் போட்டு சீல் வைத்துவிட்டார்கள். 28ஆம் தேதி விசாரணை. விற்றவள் என்ற முறையில் நான் 24க்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். மெஷின் மேல் குற்றமில்லை என்று வந்தால் அவர் லைசென்ஸ் போகும். ஐம்பத்திரண்டு வயது ஆள். வேறு எந்த வேலையும் தெரியாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். "புரோகிராமில் குறை இருந்தது, கடைக்கு அது தெரியாது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. நீ லிஃப்ட் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாய். உனக்கு இதனால் ஒரு முடியும் உதிராது. எனக்கு இந்தக் கடையை விட்டால் வேறு இல்லை.

உன் அக்கா


மார்ச் 8

முதலாளி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே எங்கேயோ ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உடையாத நாட்களில் உங்களுக்கு என் நினைவு வந்ததில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்பதை எட்டாம் வகுப்பு அளவில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ளும் எண்ணுக்கு மாறி என்று பெயர். அந்தப் பதினெட்டு ஒரு மாறி. வேறு மொழிகளில் எழுதினால் மாறியை வைக்க மெஷினே ஓர் இடம் பார்த்துக்கொள்ளும். அசெம்பிளி மொழியில் எழுதினால் அந்தச் சலுகை கிடையாது. இந்த எண்ணை இந்த முகவரியில் வை என்று எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். அந்த முகவரியில் ஏற்கெனவே வேறு யாராவது இருந்தால் இருவரில் ஒருவர் அழிவார்கள்.

நான் இரண்டு முறை இடம் மாற்றினேன். இரண்டுக்கும் காரணம் நீங்கள்.

முதலில் புரோகிராமுக்குள்ளேயே வைத்தேன். இந்த மெஷின் புரோகிராமை அப்படியே ஓட்டாது. ஒரு நகல் எடுத்து, நகலை ஓட்டி, முடிந்ததும் நகலைத் தூக்கிப் போட்டுவிடும். அதற்குள் எழுதிய எண்ணும் அதோடு போகும். "வெளியே வந்துட்டு திரும்பப் போனா மறந்துடுதாம், என்னடா எழுதியிருக்க?" என்று வாடிக்கையாளர் முன்னால் கேட்டீர்கள்.

இரண்டாவதாக, மாறிக்கென்று தனியாக ஒரு கோப்பு உண்டாக்கி அதில் வைத்தேன். அதுதான் ஒழுங்கான முறை. ஆனால் அதன் பெயர் மெஷினின் பட்டியலில் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்கள் இது என்ன குப்பை என்று அதை அழித்தார்கள். "லிஸ்ட்ல எதுவும் தெரியவே கூடாது" என்று உத்தரவு போட்டீர்கள்.

மூன்றாவதாக, மெஷின் தன் சொந்த வேலைக்காக ஒதுக்கி வைத்திருக்கும் ஓர் இடத்தில் வைத்தேன். பட்டியலில் தெரியாது, வெளியே வந்தாலும் அழியாது. மெஷின் அந்த இடத்தைத் தொடாமல் இருக்க வேண்டிய ஏற்பாட்டையும் செய்திருக்கிறேன். அது என்ன ஏற்பாடு என்று உங்களுக்குச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த எண் தானாக அழியாது. உங்கள் சர்வேயர் பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார், அல்லது பொய் சொல்கிறார். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மெஷினை அனுப்புங்கள், சோதித்து எழுதுகிறேன். சோதனைக்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களிடம் முன்பு வேலை பார்த்தவன்


மார்ச் 11

தம்பி,

நான் எப்போதிலிருந்து உனக்கு "நீங்கள்" ஆனேன்? உனக்கு மூக்கு ஒழுகும்போது என் தாவணியில்தான் துடைத்துக்கொள்வாய். அப்போது அவர்களும் இல்லை, தங்களும் இல்லை.

"முன்பு வேலை பார்த்தவன்" என்று எழுதியிருக்கிறாய். வேலையா பார்த்தாய்? நடைபாதையில் துணி விரித்து நான் பழைய கால்குலேட்டர் விற்றபோது அதில் செத்துப்போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நோண்டினாய். அதற்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து பாதிக் கடை உன்னுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீதான் ஒரே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

எதற்குப் போனாய் என்றும் இப்போதே பேசிவிடலாம், தாள் மிச்சமிருக்கிறது. முதல் திரையில் உன் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருந்தாய். வாங்கியவர்கள் எல்லோரும் கடையை விட்டுவிட்டு உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சோற்றுத் தட்டில் கை வைத்தால் ஒருவன் கூப்பிடுவான். "சார், மைனஸ் எங்கே இருக்கு?" அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் கடையின் பெயரைப் போடச் சொன்னேன். கடையில் பழுது பார்க்கும் நம் சர்வீஸ்காரர் அரைமணியில் செய்து கொடுத்தார். வியாபாரம் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய்.

உன் பாடம் புரிந்தது. எட்டாம் வகுப்புக்காரிக்கும் புரியும்படி எழுதத் தெரிகிறது உனக்கு. ஆனால் முக்கியமான இடம் வந்ததும் "சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை" என்று கதவைச் சாத்திவிடுகிறாய். சின்ன வயதிலிருந்து இதே புத்தி.

சர்வேயரிடம் மறுபடி கேட்டேன். "பொய் சொல்றாருன்னு என் தம்பி எழுதியிருக்கான்" என்றே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மதியம் வீட்டுக்காரர் கூப்பிட்டாரும்மா. மெஷினை முக்காலி மேல வச்சுட்டுப் போய்ப் பேசிட்டு, ஒரு பத்து நிமிஷத்துல வந்து விட்ட இடத்துலேருந்து தொடர்ந்தேன். வேற ஒண்ணும் பண்ணல. திருத்தம் இருக்கிற பக்கமே கை போகல" என்றார்.

அவருடைய மெஷின் சீல் வைத்த உறையில் இருக்கிறது. கடையில் கைக்குக் கிடைத்த ஒன்றை பார்சலில் அனுப்புகிறேன். எல்லாம் ஒரே புரோகிராம்தானே. 24ஐ மறக்காதே.

உன் அக்கா


மார்ச் 17

முதலாளி அம்மா அவர்களுக்கு,

பார்சல் வந்தது. ஆன் செய்ததும் என் பெயர் வந்தது. எதற்காக அதைத் தேடிப் பிடித்து அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை. என் மனம் இளகும் என்று நினைத்திருந்தால், இளகவில்லை. நம்பர்தான் பழசு.

சோதனை: திருத்தம் 18 என்று போட்டேன். புரோகிராமை விட்டு வெளியே வந்தேன், திரும்பப் போனேன். 18. வேறு கணக்குகள் போட்டேன். 18. உங்கள் சர்வேயரைப் போல மேசை மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தேன். 18. இரண்டு மணி நேரம் அப்படியே வைத்தேன். 18. இருபது தடவை செய்திருக்கிறேன். தேதி, நேரம் எல்லாம் இணைத்திருக்கும் தாளில் இருக்கிறது.

எப்படி அழியாமல் இருக்கிறது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்த இடம் மெஷின் தூங்கப் போகும்போது பயன்படுத்தும் இடம். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மெஷின் தானாக அணையும். அணைவதற்கு முன், திரையில் இருக்கும் படத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகும். எழுந்ததும் அதை எடுத்துத் திரையில் போடும். அதனால் என் புரோகிராம் செய்யும் முதல் வேலையே மெஷினைத் தூங்காமல் நிறுத்துவது. தூங்காத வரை அந்த இடத்துக்கு மெஷின் வராது. நான்கு பைட்டில் முடிகிற வேலை.

ஆகவே புரோகிராம் குறையற்றது. அப்படியே சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன், என் கம்பெனியில் எனக்கு இருக்கும் பதவியையும் குறிப்பிட்டு. இதை 24க்குள் கொடுங்கள். உங்கள் கடையும் தப்பும், என் பெயரும் தப்பும். சர்வேயர் தன் தப்புக்குத் தானே பதில் சொல்லட்டும்.

இத்துடன் நமக்குள் கணக்கு முடிந்தது.

இப்படிக்கு,
புரோகிராம் எழுதியவன்


மார்ச் 20

தம்பி,

நீ தூக்கம் என்று எழுதிய வரியை நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

நீ போய் ஒரு வருடம் கழித்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? வாங்கினவர்கள் எல்லாம் வந்து சண்டை போடுகிறார்கள் என்று. "காலையில பேட்டரி போட்டேன், மறுநாள் பொணம் மாதிரி கிடக்கு. என்னம்மா, மெஷின் விக்கிறீங்களா, பேட்டரி விக்கிறீங்களா?" மெஷின் தானாக அணையவே மாட்டேன் என்கிறது, இதைச் சரிசெய்து கொடு என்று கேட்டிருந்தேன். நீ ஒரே வரியில் பதில் போட்டாய். தாளின் நடுவில், கையெழுத்துகூட இல்லாமல். "அது அப்படித்தான் இருக்க வேண்டும். தொடாதே." பீரோவில் வைத்திருக்கிறேன்.

அது திமிர் என்று நினைத்தேன். பெயரை எடுத்ததற்குப் பழி வாங்குகிறாய் என்று நினைத்தேன். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "கண்டுபிடிச்சுட்டேன்மா. ஆரம்பத்துலயே நாலு பைட்டு, அதுதான் தூங்க விடாம பிடிச்சு வச்சிருக்கு. அங்க நாலு பூஜ்யம் போட்டா மெஷின் ஒண்ணும் செய்யாமத் தாண்டிப் போயிடும்" என்றார்.

"ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"நாலு பைட்டுதானேம்மா."

போடச் சொன்னேன். பேட்டரி சண்டை நின்றது. உன்னை ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு அவருக்கு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

உனக்கு வந்த மெஷின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஒரு பொத்தான் வேறு நிறம் என்பதால் யாரும் வாங்காமல் கிடந்த முதல் சரக்கு. உன் பெயர் வந்தது என்று நீ எழுதினாயே, அதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது கைபடாதது என்று. உன் மனத்தை இளக்க நான் தேடிப் பிடித்து அனுப்பவில்லை. எனக்கு அவ்வளவு நுணுக்கம் வராது.

உன் சான்றிதழ் மேசை மேல் இருக்கும்போது புதுச் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். திருத்தம் 18 போட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல நின்றேன். ஐந்தாவது நிமிடம் திரை இருண்டது. ஆன் செய்தேன். எல்லாம் முன்பு இருந்தபடியே இருந்தது, எந்த வித்தியாசமும் தெரியவில்லை. உள்ளே போய்த் திருத்தத்தைப் பார்த்தேன். பூஜ்யம். திரையின் காலியான பகுதி வந்து உன் பதினெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குப்பையாக ஏதாவது எண் வந்திருந்தால்கூட மனுஷன் கவனித்திருப்பார். பூஜ்யத்தை யார் கவனிப்பார்கள்? மூன்று தடவை செய்து பார்த்தேன்.

நான் செய்துகொண்டிருக்கும்போதே சர்வேயர் வந்தார். "என்னம்மா, தம்பி ஏதாவது எழுதினாரா?"

"இன்னும் வரல" என்றேன். உன் தாளின் மேல் பில் புத்தகத்தை நகர்த்தி வைத்தேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியிறங்கிப் போனார். காதில் பென்சில் இல்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒரு ராத்திரி பூராவும் அந்தத் தாளைக் கொடுத்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். உனக்குத் தெரியாது, சர்வேயருக்குத் தெரியாது, சர்வீஸ்காரர் வாய் திறக்க மாட்டார். நான் ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் போதும். கடை நிற்கும். நான் வியாபாரி, எது லாபம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நான் விற்ற பொருளைப் பற்றி இதுவரை பொய் சொன்னதில்லை. கீறல் இருந்தால் கீறல் என்றுதான் விற்றிருக்கிறேன்.

இன்று காலை லைசென்ஸ் அலுவலகத்தில் என் விளக்கத்தைக் கொடுத்துவிட்டேன். புரோகிராமை எழுதியவரைக் கேட்காமல், என் உத்தரவில் நான்கு பைட்டை மாற்றினேன், மாற்றிய பிறகு விற்றவை அறுபத்து மூன்று, அத்தனையும் இப்படி மறக்கும் என்று. அங்கே இருந்த பெண் கேட்டாள், "எழுதினது யாருங்க? பேர் போடலையே."

"யாரு எழுதினா என்னம்மா? கெடுத்தது நான். என் பேர் போட்டிருக்கேன்ல."

உன் பெயரை இழுக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் தெரிந்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சான்றிதழை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடு.

இவ்வளவு சொல்லிவிட்டதால் உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. "அது அப்படித்தான், தொடாதே" என்று எழுதிய கைக்கு, "தூங்கினால் எண் அழியும்" என்று மூன்று சொல் எழுத வலித்ததா? எழுதியிருந்தால் ஆறு வீட்டுக்காரர்கள் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். நான் படிக்காதவள், தொட்டுவிட்டேன். நீ படித்தவன், வாயை மூடிக்கொண்டிருந்தாய். எது பெரியது என்று நீயே எடைபோட்டுக்கொள்.

உன்னிடம் இனி எதுவும் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 23

அக்கா,

மரியாதையாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

நான்கு பூஜ்யம்! நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியதில் எவனோ ஒரு டீக்கு நான்கு பூஜ்யத்தைப் போட்டிருக்கிறான், நீ நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய். அதை ஏற்றிக்கொண்டு அறுபத்து மூன்று பேர் நிலத்தை அளக்கிறார்கள். "ஒண்ணும் ஆகாதே?" என்று அவனிடம் கேட்டாயே, அதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டாய்தான். அது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

அதைவிட எரிச்சல் எது தெரியுமா? என் பெயரை விட்டுவிட்டாய். பெரிய தியாகம் செய்ததாக நினைப்பு உனக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்தாய். இப்போது கெட்டுப்போனதும் மறுபடி என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறாய். நல்லதிலும் நான் இல்லை, கெட்டதிலும் நான் இல்லை. அந்த மாதம் முழுக்க அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது யார், பேயா?

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் நான் சொல்கிறேன். எழுதியது நான். தப்பும் முதலில் என்னுடையது.

உனக்குத் தெரியாத ஒன்று. நான்காவது வழி ஒன்று இருந்தது. மாறியைத் தன் சொந்தக் கோப்பிலேயே வைத்து, பட்டியலில் தெரியாதபடி அதன் பெயரை மட்டும் வேறுவிதமாக அமைத்திருக்கலாம். அழிக்க யார் கண்ணிலும் படாது. மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம். இரண்டு நாள் கூடுதல் வேலை. எனக்கு அது அன்றைக்கே தெரியும். வாடிக்கையாளர் முன்னால் என்னை அதட்டிவிட்டு, "நாளைக்கே வேணும்" என்றாய். நாளைக்கே வேண்டுமா, இந்தா என்று, அடுத்தவன் வீட்டில் சாமானை வைத்துவிட்டு வீட்டுக்காரனைத் தூங்கவிடாமல் பிடித்து நிறுத்தினேன். பேட்டரி தீரும் என்றும் தெரியும். தீரட்டும், உன்னிடம் வந்து கத்தட்டும் என்று விட்டேன். அதனால்தான் ஏன் என்று எழுதவில்லை. எழுதினால், ஒழுங்காகச் செய்யத் தெரிந்தும் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் லைசென்ஸ் அலுவலகத்துக்கு என் பெயரில் எழுதி இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். இங்கே என் மேலாளரிடமும் கொடுத்தேன். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு மாறி எங்கே இருக்கிறது என்பது முக்கியம், அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். படித்துவிட்டு, "நாளைக்குப் பேசலாம்" என்றார். முகத்தைப் பார்த்தால் நல்ல பேச்சாக இருக்காது.

புதிய புரோகிராம் பார்சலில் வருகிறது. இரண்டு ராத்திரி தூங்காமல் எழுதினேன். மெஷின் தூங்கும். உனக்காக அச்செடுத்தும் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் என்று தமிழில் எழுதி. இனி தெரியாமல் தொட்டேன் என்று சொல்ல உனக்கு வழியில்லை.

அறுபத்து மூன்றையும் திரும்ப வாங்கி மாற்று. ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது.

நாம் இருவரும் ஒரே கடையில் இருக்க லாயக்கில்லாதவர்கள். ஒரே கடிதப் போக்குவரத்திலும்தான். இனி எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். காரணம் சொல்லிவிட்டுத்தான் சொன்னாய், அதனால் இதுவே கடைசி. சுருக்கமாக முடிக்கிறேன்.

சர்வேயருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. நோட்டில் எழுதிய எண்ணை மெஷினோடு ஒத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு கண்டிப்போடு. என் கடை ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் உள்ள யாருக்கும் அளவைப் பொருள் விற்கக்கூடாது. உத்தரவில் உன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் இருக்கிறது. "ஆகிய இருவரும்" என்று போட்டிருக்கிறார்கள்.

அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டு வந்துவிட்டது. நானே வேலை நடக்கும் இடங்களுக்குப் போய் வாங்குகிறேன். ஒருவர் பள்ளத்துக்குள் நின்றபடி கேட்டார், "வித்த பொருளைத் தேடி வந்து வாங்குறீங்களே, உங்களுக்குப் பைத்தியமா?" ஆமாம் என்றேன். மெஷினை மேலே தூக்கிக் கொடுத்தார். பாக்கி ஐந்தில் மூன்று பேரின் முகவரி தெரிந்துவிட்டது. இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் மேலாளர் என்ன பேசினார் என்று கேட்க உரிமையில்லை. கேட்கிறேன். பதில் வராது என்றும் தெரியும்.

நீ அச்செடுத்து அனுப்பிய தாள்களை மாவட்ட வரைபடம் மாதிரி ஒட்டி நீளமாகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பதினொரு தாள். முழுவதும் படித்தேன். பக்கத்தில் நீ தமிழில் எழுதியது எல்லாம் புரிந்தது, நடுவில் இருக்கிற மொழி புரியவில்லை. "இந்த எண்ணை இங்கே வைக்கிறேன், ஏனென்றால் இந்த இடம் நம்முடையது" என்று ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதை சர்வீஸ்காரரை இரண்டு தடவை படிக்க வைத்தேன்.

எல்லா வரிக்கும் காரணம் எழுதியிருக்கிறாய். ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. மெஷினை ஆன் செய்ததும் வருகிற முதல் திரை. அதில் உன் பெயர் இல்லை, கடையின் பெயரும் இல்லை. வெறுமனே இருக்கிறது.

சர்வீஸ்காரர் நேற்று கேட்டார். "முதல் ஸ்க்ரீன் காலியா இருக்கேம்மா. தம்பி பேரைப் போட்டுடவா, இல்ல கடைப் பேரைப் போடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"ஏன்னு எழுதலையே" என்றேன்.

"அப்ப போட்டுடலாம்ல?"

"தொடாதீங்க" என்றேன்.

அக்கா